5 டாலர் 76 சென்ட்: அமெரிக்கப் பள்ளிகளின் வரிக் கணக்கு

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் 1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறிப் போராடினார்கள். தகுதியான ஆசிரியர்கள் வேண்டும், கட்டடத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அதே கோடையில் பெற்றோர் சிலர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். மனுவில் முதல் பெயர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ். விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்தவர்; பிள்ளைகளை எட்ஜ்வுட்டில் படிக்க வைத்தவர். ஐந்தாண்டுகள் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கப் பள்ளிகளில் நியாயம் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் கடைசியில் இந்தத் தீர்ப்பில் வந்து முட்டிக்கொள்கிறது.

அதைப் புரிந்துகொள்ள, பள்ளிக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே 'பள்ளி மாவட்டம்' என்று சொல்வதை நம் கலெக்டர் மாவட்டம்போல நினைத்துக்கொண்டால் எல்லாமே தப்பாகப் புரியும். பள்ளி நடத்துவதற்கென்றே உள்ள ஒரு தனி உள்ளாட்சி அது. நாடு முழுக்கச் சுமார் 13,000 இருக்கின்றன. நியூயார்க் நகரம்போல லட்சக்கணக்கில் பிள்ளைகள் படிப்பதும் உண்டு, ஒரே ஒரு பள்ளியோடு முடிந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம் இருக்கும். வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு இருக்கும். ஹவாயில் மட்டும் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம்.

பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு சாதாரண ஆண்டுகளில் பத்தில் ஒன்றைத் தாண்டுவதில்லை. மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி வீடு, கடை, ஆலை, நிலம் ஆகியவற்றின்மீது விழும் சொத்து வரி. மதிப்பீட்டாளர் ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு வரிமதிப்பு குறிப்பார். சொந்த வீட்டில் குடியிருப்பவர், முதியவர் முதலானோருக்கு உள்ள விலக்கைக் கழிப்பார்கள். மீதித் தொகைமீது நூறு டாலருக்கு இத்தனை சென்ட் என்று வரி விகிதம் விழும். சில மாநிலங்களில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்பதை 'ஒரு மில்' என்று சொல்லி, மில் கணக்கில் பேசுவார்கள்.

கணக்கு எளிது. ஒரு மாணவருக்குக் கிடைக்கும் உள்ளூர்ப் பணம் என்பது வரி விகிதத்தை, மாணவர் தலைக்கு எவ்வளவு சொத்து இருக்கிறதோ அதனால் பெருக்கி வருவது. பெருக்கலில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத்தான் உள்ளூர் மக்கள் தங்கள் ஓட்டால் ஏற்றவோ இறக்கவோ முடியும். மற்றது ஊர் எங்கே அமைந்திருக்கிறது, எல்லைக்கோட்டை யார் எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

1967-68ஆம் கல்வியாண்டில் எட்ஜ்வுட் மாவட்டத்தில் சுமார் 22,000 மாணவர்கள் படித்தார்கள். ஏறத்தாழ 90 சதவீதத்தினர் மெக்சிகோ வம்சாவளியினர், 6 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர். மாணவர் தலைக்குச் சொத்தின் வரிமதிப்பு 5,960 டாலர். வரி விகிதம் நூறு டாலருக்கு 1.05 டாலர், சான் அன்டோனியோ வட்டாரத்திலேயே அதுதான் அதிகம். மாநிலத்தின் அடிப்படை நிதித் திட்டத்துக்கு மாவட்டம் தர வேண்டிய பங்கு போக, அந்த வரியிலிருந்து மாணவர் ஒருவருக்கு மிஞ்சியது 26 டாலர். திட்டத்திலிருந்து வந்த 222 டாலரையும், மத்திய அரசின் 108 டாலரையும் சேர்த்து மொத்தம் 356.

அதே நகரின் வடக்கே இருந்த ஆலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் மாணவர் சுமார் 5,000 பேர். பெரும்பாலும் வெள்ளையர்கள், வசதியானவர்கள். தலைக்குச் சொத்து மதிப்பு 49,000 டாலருக்கு மேல். வரி விகிதமோ 85 சென்ட்தான். அடிப்படைத் திட்டத்துக்கான பங்கைக் கட்டிய பிறகும் மாணவர் ஒருவருக்கு 333 டாலர் நின்றது. மாநிலத் திட்டத்திலிருந்து 225, மத்திய அரசிடமிருந்து 36; ஆக மொத்தம் 594. ஏழை ஊருக்குக் கிடைத்ததைவிடப் பணக்கார ஊருக்கு மாநிலம் 3 டாலர் கூடுதலாகக் கொடுத்திருப்பதைக் கவனிக்கலாம். இடைவெளியைக் குறைக்கத்தான் அந்தத் திட்டம் வந்தது என்று சொல்லிக்கொண்டார்கள்!

அதிக வரி கட்டியவர்களுக்குக் குறைந்த பள்ளி. சோம்பலுக்கும் பொறுப்பின்மைக்கும் இங்கே இடமே இல்லை. 'எங்கள் பள்ளிக்கு நாங்கள் வரி கட்டுகிறோம், நீங்களும் கட்டுங்கள்' என்ற வாதம் எட்ஜ்வுட்டிடம் செல்லாது. அவர்கள் ஏற்கெனவே கூடுதலாகத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி அமர்வு 1971 டிசம்பரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 1973 மார்ச் 21 அன்று, 5-க்கு 4 என்ற கணக்கில் அதைத் திருப்பிப் போட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர். பள்ளி நிர்வாகம் தெரியாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அவர் சொன்ன காரணங்களைத் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் இன்றைய வாதங்கள் பலவும் அங்கிருந்து கிளைத்தவை.

கல்வி என்ற உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்தில் வெளிப்படையாக இல்லை, உட்பொருளாக இருப்பதற்கும் ஆதாரம் இல்லை என்பது முதல் காரணம். பேச்சுரிமையையும் வாக்குரிமையையும் ஒழுங்காகப் பயன்படுத்தக் கல்வி வேண்டாமா என்று மனுதாரர்கள் கேட்டிருந்தார்கள். சிறந்த பேச்சையும் விவரமறிந்த வாக்கையும் குடிமக்களுக்கு உறுதிசெய்யும் ஆற்றலோ அதிகாரமோ தமக்கு இருப்பதாக நீதிமன்றம் ஒருபோதும் கருதியதில்லை என்று பவல் பதில் எழுதினார். ஓரளவு கல்விக்கு ஒருவேளை பாதுகாப்பு இருந்தாலும், டெக்சாஸ் கொடுப்பது அந்த அளவுக்குக் கீழே என்று யாரும் நிறுவவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தக் கடைசி வரியைப் பிறகு பல வழக்கறிஞர்கள் கதவில் தெரிந்த சின்ன இடுக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

சொத்து குறைந்த மாவட்டத்தில்தான் ஏழைகள் வசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது என்பது இரண்டாவது காரணம். இதை அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாது. ஆலைகளும் வணிக வளாகங்களும் நிறைந்த பகுதியைச் சுற்றி ஏழைக் குடும்பங்கள் வாழ்வதுண்டு; காகிதத்தில் அந்த ஊர் பணக்கார ஊர். எட்ஜ்வுட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் இந்தச் சிக்கல் நிஜமானது. பிற்பாடு டெக்சாஸ் தலைநகரான ஆஸ்டினில் அது எப்படித் தலைதூக்கியது என்பதைக் கீழே பார்க்கலாம். பணம் கூடினால் படிப்பு கூடுமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது என்பது மூன்றாவது காரணம். நான்காவதாகச் சொல்லப்பட்டதுதான் தீர்ப்பைத் தாங்கி நின்ற தூண்: உள்ளூர்க் கட்டுப்பாடு. தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு செலவிடுவது என்று ஊர் மக்களே தீர்மானிப்பது அமெரிக்க மரபு. சமமின்மை அதற்குக் கொடுக்கும் விலை.

இந்தத் தூணை நீதிபதி பைரன் வைட் தன் மாறுபட்ட தீர்ப்பில் ஒரே ஒரு கணக்கால் சாய்த்தார். சான் அன்டோனியோ அடங்கிய கவுண்டியில், அதாவது மாநிலத்தின் உட்பிரிவான நிர்வாகப் பகுதியில், கிடைக்கும் அதிகபட்ச வருவாயை எட்ட ஆலமோ ஹைட்ஸ் 68 சென்ட் விதித்தால் போதும். எட்ஜ்வுட் அதே வருவாயைப் பெற 5 டாலர் 76 சென்ட் விதிக்க வேண்டும். ஆனால் பள்ளி பராமரிப்பு வரி 1 டாலர் 50 சென்ட்டைத் தாண்டக் கூடாது என்பது மாநிலச் சட்டம். எட்ஜ்வுட் மக்கள் எவ்வளவுதான் ஆசைப்பட்டாலும், வீட்டை அடகு வைத்துக் கட்டத் தயாராக இருந்தாலும், சட்டம் அவர்களை அனுமதிக்காது. ஆலமோ ஹைட்ஸுக்கு உள்ளூர்க் கட்டுப்பாடு இருந்தது; எட்ஜ்வுட்டுக்கு அந்தப் பெயர் மட்டும் இருந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, தேர்ந்தெடுக்க முடியாதபடி உச்சவரம்பையும் வைப்பது என்ன வகை உரிமை என்ற கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பில் திருப்தியான பதில் இல்லை என்பது எங்கள் கருத்து. 1954-இல் நிறப் பிரிவினைக்கு எதிரான பள்ளி வழக்கை வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் இப்போது நீதிபதியாக அமர்ந்து நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதுவும் வைட்டின் கணக்கும் வகுப்பறைகளில் பாடமாயின. சட்டமாகவில்லை.

கூட்டாட்சிக் கதவு மூடியதும் சண்டை மாநிலங்களுக்கு இடம்பெயர்ந்தது. ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியல் சாசனம் உண்டு. அவை ஒவ்வொன்றிலும் பள்ளியைப் பற்றி ஏதாவது ஒரு வரி இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்த வரிகள் குடியாட்சியைப் பேசுகின்றன. மக்களின் சுதந்திரங்களையும் உரிமைகளையும் காப்பதற்கு அறிவு பரவலாவது இன்றியமையாதது, ஆகவே திறம்பட்ட இலவசப் பொதுப்பள்ளி முறையை ஏற்படுத்துவது சட்டமன்றத்தின் கடமை என்கிறது டெக்சாஸ் சாசனம். நியூ ஜெர்சி 1875-இல் சேர்த்த திருத்தம் 'முழுமையும் திறமும்' உள்ள பள்ளி முறை என்கிறது. வேலை, சம்பளம், உலகப் போட்டி என்ற இன்றைய சொற்கள் அவற்றில் இல்லை.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ரோட்ரிகஸ் தீர்ப்புக்கு முன்பே, 1971-இல், களத்தில் இறங்கியிருந்தது. பெவர்லி ஹில்ஸில் மாணவர் தலைக்கு 50,885 டாலர் சொத்து, வரி 2.38 டாலர், பால்ட்வின் பார்க்கில் 3,706 டாலர் சொத்து, வரி 5.48 டாலர். செலவு முறையே 1,231 டாலரும் 577 டாலரும். இதைச் சமப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1976-இல் மாநில சாசனத்தின் அடிப்படையில் மீண்டும் உறுதிசெய்தது. இரண்டே ஆண்டில், 1978 ஜூனில், வாக்காளர்கள் 13ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சொத்து கைமாறும்வரை மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. விலைவாசியும் வீட்டு மதிப்பும் தாறுமாறாக ஏறிய காலம் அது. கோபத்துக்கு அது ஒரு காரணம். தன் வரி தன் ஊர்ப் பள்ளிக்குப் போகாது என்றான பிறகு அந்த வரிக்கு ஆதரவாக ஓட்டுப் போட யாருக்கும் பெரிய ஆர்வம் இல்லாமல் போனதும் இன்னொரு காரணம் என்று வாதிடும் பொருளியலாளர்கள் இருக்கிறார்கள். எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். விளைவு மட்டும் தெளிவு: மாவட்டங்களுக்கு இடையிலான இடைவெளி குறைந்தது, மாநிலத்தின் தலைக்குச் செலவு அடுத்த ஆண்டுகளில் தேசிய சராசரிக்குக் கீழே இறங்கியது. வசதியான ஊர்ப் பெற்றோர்கள் தனி அறக்கட்டளை வைத்து நன்கொடை திரட்டத் தொடங்கினார்கள். கோட்டின் இந்தப் பக்கம் வரியாக வராத பணம் காசோலையாக வந்தது.

டெக்சாஸுக்குத் திரும்புவோம். எட்ஜ்வுட் மாவட்டம் 1984-இல் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1989 அக்டோபரில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: இது திறம்பட்ட முறை அல்ல. அந்தச் சமயத்தில் மாநிலத்தின் மிகப் பணக்கார மாவட்டத்தில் மாணவர் தலைக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் சொத்து. மிக ஏழை மாவட்டத்தில் சுமார் 20,000. 700-க்கு 1. பணக்கார மாவட்டங்கள் நூறும் சராசரியாக 47 சென்ட் வரி போட்டு மாணவருக்கு 7,233 டாலர் செலவிட்டன. ஏழை நூறு 74.5 சென்ட் போட்டு 2,978 டாலர் செலவிட்டன.

சட்டமன்றம் கொண்டுவந்த முதல் ஏற்பாடுகளை நீதிமன்றம் நிராகரித்தது. சாசனத்தையே திருத்தி வழி தேடிய முயற்சியை 1993 மே மாதம் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். பள்ளிகளை மூட வேண்டிய கெடு நெருங்கியபோது, அதே மாதம், இன்றும் நடைமுறையில் உள்ள முறை பிறந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ராபின் ஹூட்'. அப்போது, எடை சேர்த்த மாணவர் ஒருவருக்கு 2,80,000 டாலருக்கு மேல் சொத்து இருந்த மாவட்டம், மிகுதியைக் கைவிட ஐந்து வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: வேறு மாவட்டத்தோடு இணைவது, நிலப்பகுதியைப் பிரித்துக் கொடுப்பது, மாநிலத்துக்குப் பணம் கட்டுவது, வேறு மாவட்ட மாணவரின் செலவை ஏற்பது, வரித்தளத்தை மட்டும் ஒன்றாக்குவது. ஏறக்குறைய எல்லோரும் பணம் கட்டுவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நிலத்தையோ எல்லையையோ தொட யாரும் விரும்பவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'எடை சேர்த்த மாணவர்' என்றால் என்ன என்று சொல்லிவிட்டுப் போகலாம். இன்று பெரும்பாலான மாநிலங்களின் நிதிச் சூத்திரம் இந்தக் கருத்தின்மீதுதான் நிற்கிறது. ஒரு சாதாரண மாணவர் 1. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளை, மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஆகியோருக்கு 1-க்கு மேல் ஏதோ ஒரு எடை. கலிஃபோர்னியா 2013-இல் கொண்டுவந்த சூத்திரத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை போன்றோருக்கு அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் சேரும். மாவட்டத்தில் அவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய எண்ணிக்கைக்கு இன்னும் 50 சதவீதம், 2021-இலிருந்து 65. எடை கூட்டிய மாணவர் எண்ணிக்கையை அடிப்படைத் தொகையால் பெருக்கி, மாவட்டம் நியாயமான வரி விகிதத்தில் தானே திரட்டக்கூடியதைக் கழித்தால் கிடைப்பது மாநில உதவி. காகிதத்தில் அழகான கணக்கு.

அது கெடுகிற இடங்கள் சில உண்டு. சொத்து விலை ஏறினால் மாவட்டத்தின் பங்கு ஏறும், மாநிலத்தின் பங்கு தானாக இறங்கும். வீட்டுக்காரர் கூடுதல் வரி கட்டுவார். பள்ளிக்கு ஒரு சென்ட்கூடக் கூடாது. மிச்சம் மாநிலக் கருவூலத்துக்கு. டெக்சாஸில் அடிப்படைத் தொகை 2019-இல்தான் 5,140 டாலரிலிருந்து 6,160-க்கு உயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வீட்டு மதிப்பு எகிறியிருந்தது. ராபின் ஹூட் பணமும் குறிப்பிட்ட ஓர் ஏழை ஊருக்குப் போய்ச் சேர்வதில்லை. மாநிலத்தின் பொதுப் பள்ளி நிதியில் கலக்கிறது. கட்டும் தொகையில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது ஆஸ்டின். அங்கு நிலம் தங்கம். ஆனால் மாவட்டத்தின் பிள்ளைகளில் சுமார் பாதிப்பேர் ஏழைக் குடும்பத்தினர். பவல் எழுப்பிய இரண்டாவது சந்தேகம் இதுதான். ஹூஸ்டன் வாக்காளர்கள் 2016 நவம்பரில் பணம் கட்ட மாட்டோம் என்று ஓட்டுப் போட்டார்கள். அப்படியானால் வணிகச் சொத்துகளை மாநிலமே பிரித்து வேறு மாவட்டத்தோடு சேர்த்துவிடும் என்றானதும் 2017 மே மாதம் சம்மதித்தார்கள். 2016-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் இந்த முறையைச் சிக்கல் மிகுந்தது, குறைபாடுள்ளது என்று ஒப்புக்கொண்டு, சாசனம் கேட்கும் குறைந்தபட்சத்தை அது எட்டுகிறது என்று முடித்துக்கொண்டது.

தலைக்குப் பணம் என்ற முறைக்கே உள்ள இன்னொரு ஓட்டை பிள்ளைகள் குறையும்போது தெரியும். மழலை வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்புவரை 500 பிள்ளைகள் உள்ள ஒரு சிறு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 40 பேர் குறைந்தால் வருவாயில் 8 சதவீதம் போகும். ஆனால் அந்த 40 பேரும் பதின்மூன்று வகுப்புகளில் மும்மூன்று பேராகத்தான் குறைவார்கள். எந்த வகுப்பையும் மூட முடியாது, எந்த ஆசிரியரையும் விலக்க முடியாது, பேருந்து அதே தூரம் ஓடும், குளிர்காலத்தில் அதே அளவு எரிபொருள் எரியும். முதலில் போவது நூலகர், இசை ஆசிரியர், செவிலியர். அதைப் பார்த்து இன்னும் சிலர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். மிச்சிகன் 1994-இல் பள்ளி நடப்புச் செலவுக்கான உள்ளூர்ச் சொத்து வரியைப் பெருமளவு விட்டுவிட்டு, விற்பனை வரியை 4-லிருந்து 6 சதவீதமாக்கி, தலைக்குப் பணம் என்ற முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு கல்காஸ்கா என்ற சிற்றூர், வரி உயர்வை வாக்காளர்கள் ஏற்காததால், மார்ச் மாதத்திலேயே பள்ளிகளை இழுத்து மூடியிருந்தது. புது முறையால் கல்காஸ்கா போன்ற ஊர்கள் பிழைத்தன. மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த டெட்ராய்ட் மேலும் மேலும் சரிந்தது. கட்டடச் செலவு இந்தச் சூத்திரத்துக்குள் வரவே இல்லை. அது இன்றும் உள்ளூர்க் கடன் பத்திரமும் உள்ளூர் வரியும்தான்.

ஒரே மாவட்டத்துக்குள்ளும் சமமின்மை ஒளிந்திருக்கும். அனுபவமுள்ள ஆசிரியருக்குச் சம்பளம் அதிகம். அவர்கள் நாளடைவில் வசதியான பகுதிப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போய்விடுவார்கள். ஏழைப் பகுதிப் பள்ளியில் புதியவர்கள் நிறைவார்கள். மாவட்டமோ கணக்கில் 'ஆசிரியர் ஒருவருக்குச் சராசரிச் சம்பளம்' என்று எழுதிவிடும். இரண்டு பள்ளிகளும் சமமாகத் தெரியும். 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் முதல் பிரிவு ஏழைப் பிள்ளைகளுக்கென்று மத்திய நிதி தருகிறது. இப்போது ஆண்டுக்குச் சுமார் 1,800 கோடி டாலர். அது ஏற்கெனவே உள்ள செலவுக்கு மேல் சேர வேண்டுமே தவிர அதற்குப் பதிலாகக் கூடாது என்பது விதி. பள்ளிகளை ஒப்பிடும்போது பணிமூப்பால் வரும் சம்பள வேறுபாட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அதே சட்டம் விலக்கும் கொடுக்கிறது. 2015-இன் திருத்தத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு பள்ளியும் உண்மையில் எவ்வளவு செலவிடுகிறது என்று வெளியிட வேண்டியதாயிற்று.

பணத்தால் பயன் உண்டா என்ற பவலின் மூன்றாவது கேள்விக்கு இப்போது 1973-ஐவிடத் தெளிவான பதில் இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளால் திடீரென நிதி கூடிய மாவட்டங்களின் பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்த ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ ஆகிய மூவரின் ஆய்வு 2016-இல் வெளியானது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு முழுக்கத் தலைக்குச் செலவு 10 சதவீதம் கூடியிருந்தால், பிற்காலச் சம்பளம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம். ஓராண்டு கொடுத்து மறு ஆண்டு வெட்டினால் இந்தப் பயன் வராது. நீதிமன்றத்தை எதிர்கொள்ளும் சட்டமன்றங்கள் பெரும்பாலும் செய்வது அதைத்தான்.

நியூ ஜெர்சி விதிவிலக்கு. அங்கே நீதிமன்றம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. 1976 ஜூலை 1 முதல் எட்டு நாட்கள் பள்ளிகளுக்குப் பணம் செலவிடவே தடை விதித்தது. அதன் பிறகுதான் மாநிலத்தின் முதல் வருமான வரி பிறந்தது. 1990-இல் 28 ஏழை நகர மாவட்டங்களின் செலவைப் பணக்காரப் புறநகர்களின் மட்டத்துக்கு உயர்த்த உத்தரவிட்டது. 1998-இல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பள்ளியும் புதுக் கட்டடங்களும் கொடுக்க வைத்தது. ஓஹையோ இதற்கு நேர்மாறு: 1997 முதல் 2002 வரை நான்கு தடவை நிதி முறை செல்லாது என்று சொல்லிவிட்டு, 2003-இல் நீதிமன்றமே வழக்கைக் கைகழுவியது. வாஷிங்டன் மாநிலத்தில் சட்டமன்றத்துக்கு 2015 முதல் நாளுக்கு 1,00,000 டாலர் அபராதம் விழுந்துகொண்டிருந்தது.

எவ்வளவு படிப்பு போதும் என்ற கேள்விதான் எங்களுக்கு மிகவும் சுவையாகப் படுவது. அது நியூயார்க் வழக்கில் வந்தது. நகரப் பள்ளிகளுக்காக 1993-இல் தொடுத்த வழக்கில், 1995-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஓர் அளவுகோல் சொன்னது: வாக்களிக்கவும் ஜூரியாக அமரவும் திறனுள்ள குடிமகனாக ஒருவர் இயங்குவதற்குத் தேவையான கல்வி. விசாரணை நீதிபதி லீலண்ட் டிகிராஸ் இதை அலங்காரச் சொல்லாக விட்டுவிடவில்லை. வாக்குச்சீட்டில் வரும் முன்மொழிவைப் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா? மரபணுச் சான்று, புள்ளிவிவரம், நிதி மோசடிக் கணக்கு ஆகியவற்றை ஜூரி அறையில் உட்கார்ந்து எடைபோட முடியுமா? 2001-இல் அவர் எழுதிய தீர்ப்பு, நகரப் பள்ளிகள் அந்த மட்டத்தை எட்டவில்லை என்றது.

அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. செய்தித்தாள் படிக்கவும் ஜூரியாக அமரவும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் திறன் போதும்; சமூகத்துக்கு எல்லா மட்டத்து வேலையாட்களும் தேவை, பெரும்பாலான வேலைகள் கீழ்மட்ட வேலைகளாகவும் இருக்கலாம் என்று அது எழுதியது. இந்த அளவு வெளிப்படையாக இதை ஒரு நீதிமன்றம் சொல்வது அரிது. நகரமே கொதித்தது. 2003 ஜூனில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை ரத்து செய்து, பொருளுள்ள உயர்நிலைப் பள்ளிக் கல்வி வேண்டும் என்றது. 2007-இல் புதுச் சூத்திரம் சட்டமானது; 2008-இன் பொருளாதாரச் சரிவில் உறைந்தது; முழுத் தொகை 2023-24 பட்ஜெட்டில்தான் வந்து சேர்ந்தது. வழக்குப் போட்ட ஆண்டில் மழலை வகுப்பில் இருந்த பிள்ளைக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

குடிமகனுக்கான கல்வி என்பது பணத்துக்கான வாதமாக வென்ற அதே காலத்தில், வகுப்பறையில் குடிமையியல் சுருங்கியது. 2002-இன் கூட்டாட்சிக் கல்விச் சட்டம் 3 முதல் 8ஆம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பையும் கணக்கையும் சோதித்தது. சோதிக்காத பாடத்துக்கு நேரம் குறைந்தது. 2022-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பினரில் 22 சதவீதம் பேர்தான் குடிமையியலில் தேர்ச்சி மட்டத்தை எட்டினார்கள்.

பவல் விட்ட இடுக்கில் டெட்ராய்ட் மாணவர்கள் நுழைந்து பார்த்தார்கள். எழுத்தறிவு பெறுவதற்காவது கூட்டாட்சி உரிமை உண்டு என்று 2020 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு ஒப்புக்கொண்டது. மே மாதம் அரசும் மாணவர்களும் சமரசமானார்கள். சில நாட்களில் முழு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கலைத்துவிட்டது. எனவே முன்மாதிரியாக நிற்கவில்லை.

இதையெல்லாம் தாண்டி அசையாமல் இருப்பது எல்லைக்கோடு. 1974 ஜூலையில், மீண்டும் 5-க்கு 4 என்று, டெட்ராய்ட் நகரையும் சுற்றியுள்ள 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்து நிறப் பிரிவினையைப் போக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் தடுத்தது. புறநகர்கள் தவறு செய்ததாக நிரூபிக்காமல் கோட்டைத் தாண்ட முடியாது என்றது. 1973-இன் தீர்ப்பு பணம் கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை என்றது. இது பிள்ளைகளும் தாண்ட வேண்டியதில்லை என்றது. டெக்சாஸில் ஐந்து வழிகள் கொடுத்தபோது எல்லோரும் ஏன் பணம் கட்டுவதையே தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கான விடை இங்கே இருக்கிறது. டென்னசியில் மெம்ஃபிஸ் நகரப் பள்ளிகள் 2013-இல் ஷெல்பி கவுண்டி மாவட்டத்தோடு இணைந்தன. அடுத்த ஆண்டே ஆறு புறநகர்கள் தனி மாவட்டங்களாகப் பிரிந்து போயின. புதுக் கோடு போடுவது அங்கே சட்டப்படி எளிது. பழைய கோட்டை அழிப்பது அரசியல்ரீதியாக அரிது.

அந்தக் கோடு வீட்டு விலைக்குள் புகுந்துவிட்டது. டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பது எல்லோரும் அறிந்ததே. நல்ல பள்ளி என்றால் விலை ஏறும், விலை ஏறினால் வரித்தளம் ஏறும், பள்ளி இன்னும் நல்லதாகும். வாங்க முடியாதவர்கள் வேறு வழி தேடுவார்கள்: தாத்தா வீட்டு முகவரி, சித்தியின் மின்கட்டண ரசீது. அதனால் மாவட்டங்கள் வாடகை ஒப்பந்தமும் கட்டண ரசீதும் கேட்கின்றன. சந்தேகம் வந்தால் துப்பறிவாளரை அமர்த்திக் காலையில் கார் எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்கின்றன. ஓஹையோவில் தன் தந்தையின் முகவரியைக் கொடுத்து மகள்களைப் பக்கத்து மாவட்டப் பள்ளியில் சேர்த்த ஒரு தாய், ஆவணத்தைத் திரித்த குற்றத்துக்காக 2011 ஜனவரியில் ஒன்பது நாட்கள் சிறையில் இருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் மாநில ஆளுநர் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். முகவரி விதி அப்படியே இருக்கிறது.